திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி: ஒரு ஹேவ்லாக் பயணம்

2023 ஆகஸ்ட் கடைசியில் ஒரு பயண முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தமான் திட்டத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. ஐந்து இரவு, ஆறு பகல். முதல் நாள் போர்ட் பிளேர், செல்லுலார் சிறை, ஒலி-ஒளிக் காட்சி. அடுத்து ஹேவ்லாக், அடுத்த நாள் யானைக் கடற்கரை, பிறகு நீல் தீவு, ஐந்தாம் நாள் திரும்பவும் போர்ட் பிளேர். ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு நார்த் பே கடற்கரையில் ஸ்கூபா முக்குளிப்பு, மதியமே சென்னை விமானம். விலையும் கட்டுப்படியாகிற விலைதான். குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போய், முன்பணம் கட்டப்போகிற நிலையில் இருந்தோம்.

நிறுத்தியவள் என் மகள். அப்போது அவளுக்கு 13 வயது. “டைவ் பண்ணிட்டு அன்னைக்கே ஃபிளைட் ஏறக்கூடாதுன்னு போட்டிருக்குப்பா” என்றாள். அப்புறம்தான் நான் உட்கார்ந்து படித்தேன்.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் மூச்சு இழுக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு மூச்சாக வெளியேறிவிடும். ஆனால் மிச்சம் மீதியும் போய்த்தீரப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு. சோடா மூடியைத் திறந்தால் குமிழ் கிளம்புகிற மாதிரி உடம்புக்குள் குமிழ் கிளம்ப வாய்ப்புண்டு. மூட்டுவலி, மரத்துப்போவது, மோசமானால் கைகால் விழுந்துபோவது வரை போகலாம். ஒரே ஒரு முறை முக்குளித்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பு தரும் அளவு. பயிற்சிப் பள்ளிகள் பலவும் 24 மணி நேரம் என்றே சொல்லிவிடுகின்றன.

முகவரிடம் கேட்டேன். “எல்லாருமே இப்படித்தான் சார் போறாங்க, ஒண்ணும் ஆகாது” என்றார். நார்த் பேயில் முதல்முறை இறங்குபவர்களை அதிக ஆழத்துக்குக் கூட்டிப் போவதில்லை, நிறையப் பேருக்கு ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். என் மகளை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு வெள்ளைத்தாளின் அடியில் ‘சென்னை விமானம்’ என்று எழுதி, அங்கிருந்து மேல்நோக்கி நாட்களை நிரப்ப ஆரம்பித்தோம். தீவுப் பயணத்தை, அதுவும் முக்குளிப்புப் பயணத்தை, இப்படித்தான் போட வேண்டும் என்று நான் இப்போது முழுமனதோடு நம்புகிறேன். எங்கள் ஒன்பது இரவுகள் எப்படி அமைந்தன, எங்கே கைகொடுத்தன, எங்கே பிசகின என்பதை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான்கு பேர், நான்கு தேவை

நானும் மகளும் முறையாக முக்குளிப்புப் படிக்க விரும்பினோம். மனைவிக்கும் ஆசைதான், ஆனால் நீச்சல் தெரியாது. மாமாவுக்கு 67 வயது. வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேகமலைப் பக்கம் வெகுகாலம் இருந்தவர். “நீங்க கடலுக்குள்ள போங்க மாப்ள, எனக்கு ஒரு காடு காட்டிருங்க போதும்” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

இந்த நான்கையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். லட்சத்தீவில் தண்ணீர் இன்னும் தெளிவு என்று தெரியும். ஆனால் அது பவளத்திட்டு. தென்னை உண்டு, மாமா கேட்கிற காடு கிடையாது. உள்ளே போக அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும், தங்கும் இடமும் குறைவு. மாலத்தீவிலும் காடு இல்லை, செலவும் டாலரில். அந்தமான் நிக்கோபாரின் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கும் மேல் காடு. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்தியர்களுக்கு ஹேவ்லாக் போகத் தனி அனுமதி வேண்டாம். அதோடு, ஹேவ்லாக்கில் முக்குளிப்புப் பள்ளிகள் பல இருக்கின்றன. 2018 டிசம்பரில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையிலும் கடைகளிலும் இன்னும் ஹேவ்லாக்தான். நாங்கள் போய் வந்தபின், 2024 செப்டம்பரில், போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

அடுத்து, எந்த அளவு முக்குளிப்பு என்ற கேள்வி. சும்மா ஒரு முறை இறங்கிப் பார்ப்பதற்கு அரை நாள் போதும், நீச்சல் வேண்டாம், பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போவார், 12 மீட்டருக்கு மேல் ஆழம் கிடையாது. முறையான ஓப்பன் வாட்டர் பயிற்சி வேறு. பாடம் உண்டு, ஆழமில்லாத தண்ணீரில் பழகும் வகுப்புகள் உண்டு, பிறகு கடலில் நான்கு முக்குளிப்பு. முடித்தால் 18 மீட்டர் வரை போகச் சான்றிதழ். மூன்று நான்கு நாள் பிடிக்கும். 10 வயதிலிருந்தே சேரலாம். 15 வயதுக்குக் கீழ் இருந்தால் ஜூனியர் சான்றிதழ்.

இதில் ஒரு நிபந்தனை எங்கள் திட்டத்தையே மாற்றியது. எந்தப் பிடிப்பும் இல்லாமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். மனைவி செப்டம்பர் முதல் வாரத்திலேயே மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்தில் சேர்ந்தாள். நவம்பர் வரை தண்ணீரில் முகத்தை வைக்கவே யோசித்தவள், டிசம்பர் நடுவில் ஒருநாள் ஈரத்தலையோடு வந்து “எட்டு லென்த் நிக்காமப் போயிட்டேன்” என்றாள். விமான டிக்கெட்டுக்கு முன்னால் எங்கள் பயணத்துக்குப் போட்ட முதல் செலவு அந்தக் குளத்தின் மாதக் கட்டணம்தான். அதைவிட நல்ல செலவு வேறு எதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவக் கேள்வித்தாளையும் முன்னாலேயே வாங்கிப் பாருங்கள். ஆஸ்துமா, காது அறுவை சிகிச்சை, இதயம், ரத்தக்கொதிப்பு எல்லாம் அதில் வரும். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். தீவுக்குப் போய் இறங்கியபிறகு அந்தக் கையெழுத்துக்கு அலைவது கஷ்டம். மாமா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். எங்கள் மருத்துவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மாமாவே வேண்டாம் என்று முடித்துவிட்டார். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா சேராது. அதைத் தேடிப் பார்த்து, முக்குளிப்புக்கென்று தனியாக எடுத்தோம்.

அமாவாசையும் அட்டமியும்

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை அந்தமானை விடாது. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் வந்துவிடும். கடல் மிகவும் அமைதியாக இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதுதான் சரியான காலம் என்று தெரிந்தும் எங்களால் போக முடியவில்லை, மகளுக்குத் தேர்வு. பொங்கல் விடுமுறையோடு முன்னும் பின்னும் சில நாள் சேர்த்தால் ஜனவரி 12 முதல் 21 வரை கிடைத்தது. ஜனவரியில் வாடைக்காற்று இன்னும் கொஞ்சம் வீசும். காற்றுக்கு ஒரு நாளைப் பறிகொடுக்க நேரலாம் என்பதை அப்போதே எழுதிவைத்துக்கொண்டோம்.

அப்புறம் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்தேன். இந்தப் பயணத்தின் பாதித் திட்டம் அதில்தான் நடந்தது. ஜனவரி 11 மார்கழி அமாவாசை, அனுமன் ஜெயந்தி. ஜனவரி 18 வளர்பிறை அட்டமி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்துக்குள் போகவோ வரவோ வேண்டும் என்பதால் நீரோட்டம் வேகமாக இருக்கும், மண் கலங்கும். அட்டமி வாக்கில் ஏற்ற இறக்கம் குறைந்து நீரோட்டம் தணியும். புதிதாகப் படிப்பவர்கள் ஆழத்துக்குப் போக அதுவே வசதி.

இன்னொரு பக்கம், ஹேவ்லாக்கின் அலையாத்திக் காட்டுக் கால்வாய்களில் இரவில் துடுப்புப் போட்டால் தண்ணீர் நீல வெளிச்சமாக மின்னும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தண்ணீர் கலங்கும்போது விடுகிற ஒளி அது. அதற்கு நிலா இருக்கக்கூடாது. ஆக, இருட்டு வேண்டிய காரியம் அமாவாசைப் பக்கம், நிதானமான தண்ணீர் வேண்டிய காரியம் அட்டமிப் பக்கம் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. எங்களுக்குக் கிடைத்த தேதியில் அமாவாசை முதலிலும் அட்டமி கடைசியிலும் வந்தது நல்வாய்ப்பு.

தாளின் அடியிலிருந்து மேலே போனோம். 21 ஞாயிறு காலை விமானம். 20-ஆம் தேதி இரவு போர்ட் பிளேரில் இருந்தே ஆக வேண்டும். அன்று காலைக் கப்பலில் ஹேவ்லாக்கை விட்டுக் கிளம்ப வேண்டும், காலைக் கப்பல் ஓடாவிட்டால் மாலைக் கப்பலாவது இருக்கும். எனவே 19 மதியத்தோடு முக்குளிப்பு முடிந்துவிட வேண்டும். 19-ஐயே உபரி நாளாக வைத்தோம், 16-ஐ இன்னொரு உபரியாக மனதில் குறித்தோம்.

கப்பலை நம்பி அதே நாளில் விமானம் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் வங்கக்கடலில் ஒரு தாழ்வுப்பகுதி அந்தமானை ஒட்டி நின்றுவிட, ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குக் கப்பல் நின்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்க் கூட்டி வந்தன. அதே புயல்தான் வர்தாவாகி டிசம்பர் 12 அன்று சென்னையில் மரங்களைச் சாய்த்தது. அந்தப் பெயர் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அது புறப்பட்ட இடத்தில் என்ன நடந்தது என்று எனக்கும் இந்தத் திட்டம் போடும்போதுதான் தெரியவந்தது.

நாட்கள் நிரம்பியதும் சில இடங்களை விட வேண்டியிருந்தது. நீல் தீவை விட்டோம். வண்டூரிலிருந்து போகும் ஜாலிபாய் தீவை விட்டோம், அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். பாராடாங் குகைகளையும் விட்டோம், ஆனால் நேரமின்மையால் அல்ல. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடறுத்துப் போகிறது. வாகனங்களை வரிசையாகக் காவலோடு அனுப்புகிறார்கள். படம் எடுக்கத் தடை, நிறுத்தத் தடை எல்லாம் உண்டு. இருந்தும், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் கண்ணில் படுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகும் கூட்டத்தில் நாங்களும் சேர வேண்டாம் என்று மாமா சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

நடந்தது

12-ஆம் தேதி போர்ட் பிளேரில் இறங்கியதும் முதலில் தடுமாறவைத்தது பொழுது. மதுரைக்கு எவ்வளவோ கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ‘சாயங்காலம் நான்கு மணிக்குக் கிளம்பிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம் வழக்கம் அங்கே செல்லாது. அன்று மாலை பார்க்க நினைத்த ஓர் இடம் இப்படியே போனது.

13-ஆம் தேதி கப்பலில் ஹேவ்லாக். அன்றிரவே படகு. பிறை ஏழு மணி வாக்கில் மறைந்தது. அலையாத்தி மரங்களுக்கிடையே நுழைந்ததும் வழிகாட்டி விளக்கை அணைக்கச் சொன்னார். மனைவி கையைத் தண்ணீரில் வைத்து விரல்களை அகட்டினாள். ஐந்து விரலிலிருந்தும் ஐந்து நீலக் கோடு ஓடியது. கையை எடுத்தாள், இருட்டு. திரும்ப வைத்தாள். அரை மணி நேரம் அவள் வேறு எதுவும் செய்யவில்லை, யாரோடும் பேசவும் இல்லை.

14, 15 இரண்டு நாளும் ஆழமில்லாத தண்ணீரில் வகுப்பு. தீவின் கிழக்குக் கரையில் கடல் வற்றும்போது வெகுதூரம் பாறையாகக் கிடக்கும், இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. அதனால் வகுப்பு நேரத்தை ஏற்றத்தைப் பார்த்துத்தான் வைத்தார்கள். எங்கள் பயிற்சியாளர் புதுச்சேரிப் பெண். தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது மனைவிக்குப் பெரிய தைரியம். மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றும் பாடத்தில் மனைவி மூன்று முறை எழுந்து நின்றுவிட்டாள். “அவசரமே இல்லக்கா, இன்னும் நாலு நாள் இருக்கு” என்றாள் அந்தப் பெண். அந்த நாலு நாள் முகவரின் திட்டத்தில் இருந்திருக்காது.

15-ஆம் தேதி பொங்கல். ஹேவ்லாக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள். அவர்களுக்கும் அன்று பௌஷ சங்கராந்தி. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்: அரிசிமாவுக்குள் தேங்காயும் வெல்லமும், அப்படியே நம் பூரணக் கொழுக்கட்டை. ‘பிட்டே’ என்றார். மதுரைக்காரன் காதில் அது பிட்டு என்றுதான் விழுந்தது.

இதற்கிடையில் மாமா தினமும் விடியுமுன் எழுந்து ராதாநகர்ப் பக்கம் காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தார். முதல் நாள் திரும்பியவர் கையில் ஒரு காய்ந்த காய், வட்டமாக, ஓரத்தில் சிறகோடு. “படாக் மரம் மாப்ள. நம்ம வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் பங்காளி. காயைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு” என்றார். காட்டிவிட்டு, அதைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டார். அந்தமான் மரங்கொத்தியை, உடல் முழுக்கக் கறுப்பு, உச்சி சிவப்பு, இரண்டு முறை பார்த்தார். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை அது. அவருடைய பயணம் எங்களுடையதைவிடக் குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. முக்குளிக்காதவர் குழுவில் இருந்தால் அவரைக் கரையில் குடையின்கீழ் உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவருக்கென்று ஒரு திட்டம் அதே அளவு யோசனையோடு இருக்க வேண்டும். அவருக்கு நான் கொடுத்த ஒரே எச்சரிக்கை முதலை பற்றியது. 2010-இல் ராதாநகர் ஓரத்து நீல்ஸ் கோவ் பகுதியில் ஒரு சுற்றுலாப் பயணியை உவர்நீர் முதலை கொன்றது. அங்கே இப்போது எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அவற்றை மதிக்க வேண்டும்.

16-ஆம் தேதி காலை காற்று எழுந்தது. பள்ளியில் படகை எடுக்கவில்லை. உபரி நாள் ஒன்று செலவானது. யாருக்கும் பதற்றமில்லை; யானைக் கடற்கரைக்குக் காட்டு வழியாக நடந்தோம். 2004 சுனாமியில் சாய்ந்த மரங்கள் வெளுத்த எலும்புபோல இன்னும் கிடக்கின்றன. அங்கே மகளுக்குத் தும்மல் ஆரம்பித்தது.

17-ஆம் தேதி முதல் கடல் முக்குளிப்பு. அவளுக்கு மூக்கு லேசாக அடைத்திருந்தது. சரியாகிவிட்டது என்று அவள் சொன்னாள், நாங்களும் நம்பிவிட்டோம். எங்கள் பிசகுகளில் பெரியது இதுதான்.

காதுக்குள் இருக்கும் காற்று முதல் பத்து மீட்டரில்தான் மிக வேகமாகச் சுருங்குகிறது. மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, காதுக்குள் காற்றைச் சமன்செய்துகொண்டே இறங்க வேண்டும், வலி வருவதற்கு முன்பே. சளி இருந்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்து மூவரும் இறங்கினோம். மூன்று மீட்டர் வரை சரி. நான்கில் அவள் கையைத் தட்டையாக வைத்து ஆட்டினாள், பிறகு காதைக் காட்டினாள். பயிற்சியாளர் ஒரு மீட்டர் மேலே ஏற்றினார். திரும்ப ஊதினாள், இறங்கினாள், திரும்பவும் காது. மாஸ்க்குக்குள் அவள் கண்களைப் பார்த்தேன். போகவேண்டும் என்ற ஆசை அதில் அப்படியே தெரிந்தது. மூன்றாவது முறை பயிற்சியாளர் ‘மேலே போய்விடலாம்’ என்று கட்டைவிரலை மேலே காட்டிவிட்டார். படகில் மகள் அழுதாள். அந்தப் பெண் அவள் தலையைத் துவட்டியபடி, “காது இன்னைக்கு வேண்டாம்னு சொல்லுது பாப்பா. இன்னொரு நாள் கேட்டுக்கலாம்” என்றாள். அடைப்புக்கு மாத்திரை போட்டு இறங்கலாமா என்று நான் கேட்டேன். மாத்திரையின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது குறைந்தால், மேலே வரும்போது காற்று காதுக்குள் சிக்கிக்கொள்ளும், அது இன்னும் மோசம் என்று மறுத்துவிட்டாள். அந்தக் கண்டிப்புக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

18, அட்டமி. தண்ணீர் கண்ணாடி. எங்களுடைய கடைசி இரண்டு முக்குளிப்பும் அன்றுதான். மனைவி என் பக்கத்தில், மூன்று மாதத்துக்கு முன் தண்ணீரில் முகம் வைக்கப் பயந்தவள், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு மிதந்து வந்தாள். பதினான்கு மீட்டரில், மேசைபோல் விரிந்த ஒரு பவளத்தின் நிழலில், ஒரு களவா வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது. மதுரை மீன் கடையில் ஐஸ் மேல் எத்தனையோ முறை பார்த்த மீன். உயிரோடு இருக்கும்போது அதன் தோலில் புள்ளிகள் வெளுப்பதும் கருப்பதுமாக மாறிக்கொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. விரல் நீளத்தில், நீலமும் கறுப்புக் கோடுமாக, ஒரு சின்ன மீன் நேராக அந்த வாய்க்குள் போனது. உள்ளே எதையோ கொத்தியது. செவுள் வழியாக வெளியே வந்தது, சுற்றிப்போய்த் திரும்ப வாய் வழியாக நுழைந்தது. களவா பொறுமையாக நின்றது, பல்லுக்கும் செவுளுக்கும் இடையே ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் துப்புரவு செய்யவிட்டு. பின்னால் இரண்டு பாரை மீன்கள் காத்துக்கொண்டிருந்தன. எங்கள் டேங்கில் காற்று குறைந்து மேலே ஏறச் சொல்லும்வரை அந்த ஒரு பாறையைவிட்டு நாங்கள் நகரவில்லை. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பிறகு மேலே.

மேலே படகில் வயதான படகோட்டி ஒருவர் இருந்தார். கரேன் இனத்தவர். 1925-இல் ஆங்கிலேயர்கள் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்களைக் கொண்டுவந்து மாயாபந்தர்ப் பக்கம் குடியமர்த்தினார்கள். ஹேவ்லாக்கைச் சுற்றியுள்ள ஜானீஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள், ஜாக்சன்ஸ் பார் எல்லாம் கரேன் முக்குளிப்பாளர்களின் பெயரைத் தாங்கிய முக்குளிப்பு இடங்கள். ஏதோ வெள்ளைக்காரத் துரைகளின் பெயர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

19-ஆம் தேதி, கடைசி உபரி நாள், மகளின் மூக்கு தெளிந்திருந்தது. இந்த முறை நாங்கள் கேட்கவில்லை, பயிற்சியாளரே கரையில் ஊதிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனாள். இரண்டு முக்குளிப்பு முடித்தாள். நான்கில் இரண்டு. பதினொன்றரைக்குத் தண்ணீரைவிட்டு வெளியே வந்தோம். விமானத்துக்கு ஏறக்குறைய 46 மணி நேரம் இருந்தது.

20-ஆம் தேதி மாலை சிடியா டாப்புவில் மாமாவுக்குக் கடைசிக் காடு. மறுநாள் விமான நிலையத்தில் பைகளைச் சோதித்தார்கள். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம் கரையில் பொறுக்கிய பவளத்துண்டுகளை எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, செத்து ஒதுங்கியதும் அதில் சேர்த்தி. அந்தக் குழந்தையிடம் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கணக்கு

மொத்தச் செலவு இரண்டே கால் லட்சத்தைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் மூன்று பேரின் பயிற்சிக்கு. முகவர் கேட்டது இதில் பாதிக்குச் சற்று அதிகம். தங்கும் செலவைக் குறைத்ததால்தான் நாட்களைக் கூட்ட முடிந்தது. கடலைப் பார்த்த குடிலுக்குப் பதில் ஊருக்குள் இருந்த வீடு. பகல் முழுவதும் கடலிலோ காட்டிலோ இருப்பவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

திரும்பப் போனால் மாற்றுவது இவை. மகளின் பயிற்சியை மூன்றாம் நாளே தொடங்காமல், பயணக் களைப்பும் சளியும் வெளிப்பட ஒருநாள் விட்டுத் தொடங்குவேன். மணல் ஈக்களைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டோம். மாமாவின் கால்கள் ஒரு மாதம் அரித்தன, நீளமான கால்சட்டையும் தேங்காயெண்ணெயும் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் பரவாயில்லை. ஆனாலும் இரண்டு முறை போனில் பணம் அனுப்ப முடியாமல் நின்றோம், கையில் ரொக்கம் வேண்டும். அழுத்தக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து அது ஒரு கப்பல் தூரம் என்பதைக் கிளம்பும் முன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

பாடமும் ஆழமில்லாத் தண்ணீர் வகுப்பும் முடித்தவர்கள் மிச்சமுள்ள கடல் முக்குளிப்பை ஓராண்டுக்குள் வேறு ஊரிலும் முடிக்கலாம். பயிற்சியாளர் அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மகள் தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் புதுச்சேரிக்குப் போனோம். இந்த முறை ரயில். மதுரையிலிருந்து கிளம்புமுன் பிளாட்பாரத்திலேயே அவள் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்துக்கொண்டாள்.